பைக் பேட்டரி அடிக்கடி போகுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சு மூணு நம்பர் பாருங்க

காலையில ஆபீஸுக்கு கிளம்பி செல்ஃப் அழுத்துறோம், "டக் டக் டக்"னு ரிலே மட்டும் அடிக்குது, மீட்டர் லைட்டெல்லாம் மங்கிப் போகுது, வண்டி எடுக்கல. உடனே நம்மள்ல பாதிப் பேர் செய்யறது என்னன்னா நேரா பேட்டரி கடைக்குப் போய் புதுசு ஒண்ணு மாட்டிட்டு வந்துடறது. நானும் அதைத்தான் செஞ்சேன், ஒரு தடவை இல்ல, 14 மாசத்துல ரெண்டு தடவை. புதுசு போட்டதும் ரெண்டு மூணு மாசம் நல்லா இருக்கும், அப்புறம் மெல்ல மெல்ல அதே கதை ஆரம்பிக்கும். மூணாவது பேட்டரிக்கு காசு எடுத்து வெச்சப்பதான் மனசு கேக்கல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, வோல்ட் அளக்குற ஒரு மஞ்சக்கலர் சாதா மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்து நானே உக்காந்து பாத்தேன். பேட்டரி மேல எந்த தப்பும் இல்ல. இன்ஜின்ல கரண்ட் தயாரிக்குற காயில்லேர்ந்து வர்ற மூணு மஞ்ச ஒயர் சேர்ற கப்ளர்ல (ஒயரை ஒயரோட இணைக்குற பிளாஸ்டிக் பிளக்) ஒரு பின் கருகி, சுத்தியிருந்த பிளாஸ்டிக் உருகிப் போயிருந்துச்சு. அதை சரி பண்ண ஆன செலவு நூறு ரூபாய்க்கு உள்ள.

அதனால இதை எழுதுறேன். பேட்டரி செத்துப் போச்சுன்னா யார் கொன்னாங்கன்னு முதல்ல கண்டுபிடிக்கணும், இல்லன்னா அடுத்த பேட்டரியும் அதே மாதிரிதான் சாகும்.

முன்னாடியெல்லாம் இது இவ்ளோ பெரிய பிரச்சனை இல்ல. பேட்டரி டவுன்னா நாலு மிதி மிதிச்சா எடுத்துடும், நிறைய வண்டில ஹெட்லைட்டே காயில்லேர்ந்து நேரா ஏசில எரியும், பேட்டரி ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் தான். 2017 ஏப்ரல்லேர்ந்து புது வண்டிக்கெல்லாம் ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு ஆச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆயிடுச்சு, இப்ப பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேணும், ஈசியூவுக்கும் (இன்ஜினை கண்ட்ரோல் பண்ற சின்ன கம்ப்யூட்டர்) வேணும், இன்ஜெக்டருக்கும் வேணும். கிக்கர் இல்லாத வண்டியே நிறைய. பேட்டரி ரொம்ப இறங்கிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணக்கூட வழி இல்லாம போகுது, ஏன்னா பம்பே ஓடாது.

சரி, சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம். வீட்டு மாடியில இருக்குற தண்ணி டேங்க்கை நெனச்சுக்கோங்க. டேங்க்தான் பேட்டரி. கீழ இருக்குற மோட்டார்தான் ஸ்டேட்டர், நம்ம மெக்கானிக்குங்க மேக்னெட் காயில்னு சொல்றது. இன்ஜின் சுத்தும்போது காந்தம் இந்த காயிலை சுத்தி ஓடும், அதுல ஏசி கரண்ட் பொறக்கும். அதை டிசியா மாத்தி அளவுக்கு மேல ஏறாம பாத்துக்கறது ரெகுலேட்டர், ஆர்ஆர் யூனிட்னு சொல்வாங்க, பின்பக்கம் விசிறி மாதிரி அலுமினிய கோடு கோடா இருக்கும். நடுவுல இருக்குற ஒயரும் கப்ளரும் எர்த்தும் (மைனஸ் ஒயர் வண்டி பாடியோட சேர்ற இடம்) தான் பைப். டேங்க்ல தண்ணி இல்லன்னா மோட்டார் ஓடலையா, பைப்ல அடைப்பா, எங்கயாவது குழாய் ஒழுகுதான்னு பாப்போமே தவிர டேங்க்கை மாத்த மாட்டோம் இல்லையா, இங்கயும் அதேதான்.

தேவையான சாமான்: ஒரு மல்டிமீட்டர், 8 இல்ல 10 நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல வைங்க, காத்தோட்டமான இடமா இருக்கட்டும், பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்துல பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம். கையில மோதிரம், காப்பு, இரும்பு வாட்ச் இருந்தா கழட்டிடுங்க. பேட்டரி கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. இது சும்மா சாங்கியம் இல்ல, மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டை கழட்டுற ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டுச்சுன்னா முழு பேட்டரியும் ஷார்ட், ஸ்பேனர் சிவக்கும்.

மீட்டர் எடுக்குறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க. டெர்மினல் போல்ட்டை கையால ஆட்டிப் பாருங்க, ஆடுதுன்னா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுது. வெள்ளையா பச்சையா பொடி பூத்திருந்தா பேட்டரியை கழட்டி, மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு, சுடுதண்ணியில ஆப்ப சோடா கலந்து பிரஷ் போட்டு தேய்ங்க, நல்லா தொடச்சு காயவெச்சு மாட்டினதும் மேல லேசா வாசலின் தடவுங்க. மைனஸ் ஒயர் ஃபிரேம்லயோ இன்ஜின்லயோ போல்ட் பண்ணியிருக்குற இடத்தையும் பாருங்க, அதை யாரும் பாக்க மாட்டாங்க, துரு அங்கதான் பிடிக்கும்.

இப்ப முதல் நம்பர். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க, வண்டி ராத்திரி முழுக்க நின்னப்புறம் காலையில சாவி போடாம பேட்டரி ரெண்டு டெர்மினல்லயும் நேரா வெச்சு பாருங்க. ஓட்டி முடிச்ச உடனே பாத்தா 13 கிட்ட காட்டும், அதை நம்பாதீங்க, அது மேல நிக்குற நுரை மாதிரி. 12.6லேர்ந்து 12.8 வரைக்கும் இருந்தா ஃபுல்லு. 12.4னா முக்கால், 12.2னா பாதி, 12.0னா கால்வாசிதான் இருக்கு, 11.8க்கு கீழ போயிட்டா காலின்னு வெச்சுக்கோங்க. பாத்தீங்களா, ஃபுல்லுக்கும் காலிக்கும் நடுவுல ஒரு வோல்ட்டுக்குள்ளதான் வித்தியாசம், அதனாலதான் "12 காட்டுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 10.5 மாதிரி காட்டி எவ்ளோ சார்ஜ் போட்டாலும் ஏறவே மாட்டேங்குதுன்னா உள்ள ஆறு செல்லுல ஒண்ணு போயிருக்க வாய்ப்பு அதிகம், ஒரு செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட், ஒண்ணு குறைஞ்சா கணக்கு சரியா அங்க வந்து நிக்கும்.

12.4க்கு கீழ இருந்தா மேற்கொண்டு எதையும் சோதிக்காதீங்க, முதல்ல வெளிய சார்ஜ் போடுங்க. பாதி சார்ஜ்ல இருக்குற பேட்டரியை வெச்சு எடுக்குற ரீடிங் எதுவும் உருப்படியா இருக்காது. சார்ஜ் போடுறதுக்கு கணக்கு ரொம்ப சுலபம், பேட்டரி மேல எத்தனை ஏஹெச்னு (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) போட்டிருக்கோ அதுல பத்துல ஒரு பங்கு ஆம்பியர். 5 ஏஹெச்னா 0.5 ஆம்ப், 9 ஏஹெச்னா 0.9. கார் பேட்டரி போடுற சார்ஜர்ல 5 ஆம்ப்ல வெச்சு ஒரு மணி நேரத்துல ஏத்தித் தர்றேன்னு சொல்ற இடத்துல கொடுக்காதீங்க, சின்ன பேட்டரி சூடாகி உள்ள பிளேட் வளைஞ்சு போயிடும்.

ரெண்டாவது நம்பர், கிராங்கிங். மீட்டரை டெர்மினல்லயே வெச்சுக்கிட்டு செல்ஃப் அழுத்துங்க, ஃபிரெண்ட் யாராவது இருந்தா மீட்டரை பாக்கச் சொல்லுங்க. நல்ல பேட்டரி 10.5, 11 கிட்ட இறங்கி நிக்கும். 9.6க்கு கீழ போச்சுன்னா, அதுவும் ஃபுல் சார்ஜ் பண்ணி ஒரு ராத்திரி வெச்சப்புறமும் போச்சுன்னா, அந்த பேட்டரி முடிஞ்சுது. இதுல ஒண்ணு கவனிங்க, ரெஸ்ட்ல 12.7 காட்டுற பேட்டரியே செல்ஃப் அழுத்துனதும் 7, 8க்கு விழும், பிளேட்ல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிட்டா இப்படித்தான். மாறா 11க்கு மேலயே நிக்குது ஆனா செல்ஃப் சுத்தலன்னா பேட்டரியை விட்டுடுங்க, ஸ்டார்டர் ரிலே, கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், மோட்டார் கார்பன் பிரஷ், இந்தப் பக்கம் தேடுங்க.

மூணாவது நம்பர்தான் என்னை ரெண்டு பேட்டரி செலவு பண்ண வெச்சது. அதை ஒரு தடவையாவது யாராவது பாத்திருந்தா என் காசு மிஞ்சியிருக்கும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் சூடேறட்டும். ஹெட்லைட் எரியட்டும். மீட்டர் பேட்டரி டெர்மினல்லயே இருக்கட்டும். ஐடிலிங்ல 13 சுத்தி காட்டும், சில வண்டி கொஞ்சம் கீழயும் காட்டும், அதை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 5000 ஆர்பிஎம்ல நிறுத்துங்க, ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டின்னா ரோட்டுல 40, 50ல போகும்போது கேக்குற சத்தம் வர்ற அளவுக்கு. இப்ப 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் இருந்தா சார்ஜிங் நல்லா இருக்கு. 13ஐ தாண்டவே மாட்டேங்குது, இல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்க கொடுக்க இறங்குதுன்னா சார்ஜ் ஏறல. 15ஐ தாண்டுதுன்னா ஓவர் சார்ஜ், அது இன்னும் மோசம்.

என் வண்டி 150 சிசி, அதுல 12.5 காட்டுச்சு.

சார்ஜ் ஏறலன்னு தெரிஞ்சதும் நேரா போய் ஆர்ஆர் மாத்தாதீங்க, பைப்லேர்ந்து ஆரம்பிங்க. இன்ஜினை அதே 5000ல ஓடவிட்டு, ஒரு புரோப் (மீட்டர் ஒயரோட முனை) பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ணு ஆர்ஆர்லேர்ந்து வெளிய வர்ற பிளஸ் ஒயர்லயும் வைங்க, கப்ளரை கழட்டாம பின்பக்கமா ஊசி மாதிரி சொருகிப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டுதுன்னா நடுவுல எங்கயோ, ஃபியூஸ் ஹோல்டரோ கப்ளரோ, கரண்ட்டை தின்னுக்கிட்டு இருக்கு. இதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் ஆர்ஆர் எர்த் ஒயருக்கும் நடுவுல. இந்த ஒரு டெஸ்ட்டை செய்யறவங்க ரொம்ப கம்மி, செலவே இல்லாம சரியாகுற கேஸெல்லாம் இதுலதான் மாட்டும்.

அப்புறம் காயில். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு காயில்லேர்ந்து ஆர்ஆருக்கு போற கப்ளரை கழட்டுங்க, பெரும்பாலும் மூணும் ஒரே கலர், மஞ்சளா இருக்கும். கழட்டும்போதே பின்னை நல்லா பாருங்க, கருப்பு, பச்சை, உருகின பிளாஸ்டிக், மூணுல எது இருந்தாலும் குற்றவாளி சிக்கிட்டான். என் வண்டியில இங்கதான் இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு பின்னாடி யோசிச்சப்பதான் புரிஞ்சுது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில வண்டி ரெண்டு நாள் சீட்டு வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. ஆயில் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி, வண்டி எடுத்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம், கப்ளருக்குள்ள போன சாக்கடைத் தண்ணியை யாரும் நெனக்கல. பின்ல துரு பிடிச்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ரெசிஸ்டன்ஸ் ஏறுனா சூடாகும், சூடானா பின்னோட பிடி தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும், இப்படியே சுத்தி சுத்தி கடைசில உருகிடும். வெள்ளத்துல நின்ன வண்டி வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கி ஒவ்வொரு கப்ளரா திறந்து காண்டாக்ட் கிளீனர் அடிச்சு காயவெச்சு மூடுங்க.

பின் நல்லா இருக்குன்னா, கப்ளர் கழட்டினபடியே வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க, பேட்டரி ஃபுல்லா இருக்கறதால கொஞ்ச நேரம் ஓடும். மீட்டரை ஏசி 200ல வைங்க. காயில் பக்கத்து பின்ல ஒண்ணுக்கும் ரெண்டுக்கும், ரெண்டுக்கும் மூணுக்கும், ஒண்ணுக்கும் மூணுக்கும்னு மூணு ரீடிங் எடுங்க. 5000 ஆர்பிஎம்ல பொதுவா 50, 60, 70 வோல்ட் வரும், உங்க வண்டிக்கு சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், ஆனா முக்கியமா பாக்க வேண்டியது மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கான்னுதான். 58, 57, 58னு வந்தா காயில் நல்லா இருக்கு. 58, 21, 23ன்னு வந்தா ஒரு சுத்து போச்சு. வெறும் கையால பின்னை தொடாதீங்க, அடிக்கும்.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஓம்ஸ்ல ஒவ்வொரு மஞ்ச ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல பாருங்க, மூணு ஒயர் காயில்னா தொடர்பே இருக்கக் கூடாது, எதாவது காட்டுச்சுன்னா காயில் பாடில எர்த் ஆகுது, மாத்தணும். சில சின்ன வண்டி, ஸ்கூட்டர்ல ஒத்தை ஃபேஸ் (சிங்கிள் ஃபேஸ்) காயில் வரும், அதுல ஒரு முனையை கம்பெனியிலேயே பாடில எர்த் பண்ணியிருப்பாங்க, அந்த வண்டிக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது, நல்ல காயிலை கழட்டிப் போட்டுடாதீங்க. இன்னொரு விஷயம், காயில் குளிர்ந்து இருக்கும்போது பாஸ் ஆகி சூடானதும் ஃபெயில் ஆகும், ஒயர் மேல இருக்குற வார்னிஷ் சூட்டுல விட்டுடும். காலையில நல்லா இருந்து அரை மணி நேரம் ஓட்டினதும் சார்ஜ் நின்னு போகுதுன்னு சந்தேகம் இருந்தா அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து சூட்டோட டெஸ்ட் பண்ணுங்க.

காயில் நல்லா இருக்கு, ஒயர் நல்லா இருக்கு, இன்னும் சார்ஜ் ஏறலன்னா அப்பத்தான் ஆர்ஆர். ஆர்ஆர் உள்ள கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டையோடு இருக்கும், மீட்டரை அந்த டையோடு குறி போட்ட இடத்துல வெச்சு ஒவ்வொரு மஞ்ச பின்னுக்கும் பிளஸ் அவுட்புட்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் பாத்தா 0.4லேர்ந்து 0.7 காட்டணும், புரோப்பை மாத்தி வெச்சா ஒண்ணும் காட்டக் கூடாது, மைனஸ் பக்கமும் இதே மாதிரி. ரெண்டு பக்கமும் காட்டுனா டையோடு ஷார்ட். ஆனா இதுல பாஸ் ஆனாலும் ஆர்ஆர் நல்லதுன்னு முழுசா சொல்ல முடியாது, உள்ள கண்ட்ரோல் பண்ற பகுதி போயிருக்கலாம், மத்ததெல்லாம் சரின்னு உறுதியான பிறகு மாத்தறதுதான் வழி. ஒரிஜினல் ஸ்பேர் வாங்குங்க. சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடையில பழைய ஆர்ஆர் கிடைக்கும்தான், இண்டிகேட்டரோ மிர்ரரோ அங்க வாங்கலாம், ஆனா ஆர்ஆர் சூட்டுலேயே வாழ்ற சாமான், எத்தனை வருஷம் வெந்ததுன்னு வெளிய பாத்து தெரியாது. ஈசியூ இருக்குற வண்டிக்கு அந்த ரிஸ்க் எடுக்காதீங்க. மாட்டும்போது அது உக்கார்ற இடத்துல துரு, பெயிண்ட் உரிச்சு விட்டு பாடியோட ஒட்டி இறுக்குங்க, விசிறி கோட்டுல இருக்குற சேறையும் கழுவி விடுங்க.

15க்கு மேல காட்டுன வண்டிக்கு பெரும்பாலும் ஆர்ஆர்தான் காரணம், சில சமயம் ஆர்ஆரோட எர்த் மோசமா இருந்தாலும் இப்படி வரும், அதனால எர்த்தை முதல்ல பாத்துடுங்க. பல்பு அடிக்கடி ஃபியூஸ் போறது, பேட்டரி பக்கவாட்டுல உப்புறது, தண்ணி ஊத்துற பேட்டரில சீக்கிரம் தண்ணி வத்துறது, அழுகின முட்டை வாடை, இதெல்லாம் ஓவர் சார்ஜ் அடையாளம். இதை தள்ளிப் போடாதீங்க.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரை கழட்டி "வண்டி ஓடுதா நிக்குதா பாரு"ன்னு டெஸ்ட் பண்றவங்க இன்னும் இருக்காங்க. கார்புரேட்டர் வண்டியில எப்படியோ தப்பிச்சிருக்கலாம், இன்ஜெக்‌ஷன் வண்டியில பேட்டரி இல்லாம வோல்டேஜ் எகிறுனா ஈசியூ போயிடும். உங்க வண்டியில யாராவது அதை செய்யப் போனா கையை பிடிச்சு நிறுத்துங்க.

மூணு நம்பரும் சரியா இருக்கு, ஆனா ரெண்டு நாள் வண்டியை எடுக்கலன்னா டவுன் ஆகுதுன்னா குழாய் ஒழுகுது. சாவியை ஆஃப் பண்ணி, மைனஸ் ஒயரை கழட்டி, மீட்டரோட சிவப்பு ஒயரை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, கழட்டின ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. அதுல ஒண்ணும் பெருசா காட்டலன்னாதான் மில்லி ஆம்ப் பக்கம் போகணும். மீட்டர் இப்படி நடுவுல இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அழுத்தவோ கூடாது, மீட்டர் போயிடும். எக்ஸ்ட்ரா எதுவும் மாட்டாத வண்டியில ஒரு ரெண்டு மில்லி ஆம்ப் இருக்கலாம், அது மாசக்கணக்குல தாங்கும். 50 மில்லி ஆம்ப்னா ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச், 5 ஏஹெச் பேட்டரியை ரெண்டு நாள்ல பாதி ஆக்கிடும். ஃபியூஸ் ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க, எதை கழட்டினா நம்பர் விழுதோ அந்த லைன்லதான் ஒழுகல். ஃபியூஸ் கழட்டியும் குறையலன்னா நேரா பேட்டரில முறுக்கி விட்ட சாமான், ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், மொபைல் சார்ஜர். இதையெல்லாம் ரிலே போட்டு இக்னிஷன் லைன்ல மாட்டியிருந்தா இந்த பிரச்சனையே வராது.

ஃபாக் லைட் போடுறவங்களும் கணக்கு போட்டுட்டு போடுங்க. 20 வாட்ஸ் ரெண்டுன்னா 40 வாட்ஸ், சுமார் 3 ஆம்ப். சிட்டி டிராஃபிக்ல ஐடிலிங்ல நிக்கும்போது காயில் கொடுக்கறதே கொஞ்சம், அதுல இது தின்னா மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்கணும். ஃபாக் லைட்டை போட்டு மூணாவது நம்பரை திரும்ப எடுங்க, 13.5க்கு கீழ வந்தா உங்க வண்டிக்கு அது அதிகம்.

வண்டியை நிறுத்தி வைக்கறவங்களுக்கு: வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறது எந்த பிரயோஜனமும் இல்ல, செல்ஃப் எடுத்த கரண்ட்டை திருப்பிக் கொடுக்கவே அது பத்தாது. இருபது முப்பது நிமிஷம் ரோட்டுல ஓட்டணும், இல்ல ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மைனஸை கழட்டி வெச்சுட்டுப் போங்க. சார்ஜ் இல்லாம கிடக்குற ஒவ்வொரு நாளும் பிளேட்ல சல்பேட் இறுகும். நம்ம ஊர் வெயில் வேற, சூடு ஏற ஏற பேட்டரி தானாவே சீக்கிரம் இறங்கும், ஆயுசும் குறையும், முடிஞ்சா நிழல்ல நிறுத்துங்க. தண்ணி ஊத்துற பேட்டரின்னா மாசத்துக்கு ஒரு தடவை லெவல் பாத்து டிஸ்டில் வாட்டர் மட்டும் ஊத்துங்க, ஆசிட் ஊத்தாதீங்க, குழாய்த் தண்ணியும் கூடாது. சீல் பண்ணின பேட்டரியை திறக்கவே வேண்டாம்.

உண்மையிலேயே பேட்டரிதான் போச்சுன்னு முடிவானா, வாங்கும்போது தயாரிச்ச மாசம் பாருங்க, கடையில ஆறு மாசம் தூங்கினதை வாங்காதீங்க. கடைக்காரர் ஆசிட் ஊத்தி பத்து நிமிஷத்துல மாட்டித் தர்றேன்னு சொன்னா, முதல் சார்ஜ் முழுசா போட்டு நாளைக்கு கொடுங்க, நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லுங்க, ஆசிட் ஊத்தினதும் சூடாகும், ஊறணும், அதுக்கப்புறம் சார்ஜ் ஏறணும். பழசை கடையிலேயே கொடுத்துடுங்க, விலையில கழிச்சுக்குவாங்க, ஈயமும் குப்பையில போகாது.

புதுசு மாட்டின அன்னைக்கே மூணு நம்பரையும் எடுத்து தேதி போட்டு எழுதி வைங்க. என் வண்டி சைடு கவர் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கேன், 12.7, 10.9, 14.2ன்னு. ஆயில் மாத்துற ஒவ்வொரு தடவையும் பக்கத்துலயே அன்னைக்கு நம்பரை எழுதுறேன், இப்ப டேப்ல நாலு வரி ஆயிடுச்சு.